கொருக்குப்பேட்டை வரை

கொருக்குப்பேட்டை வரை உடம்பு.
அதற்குப் பிறகு உலகம்.
யாரும் போட்ட சட்டமில்லை,
கத்திவாக்கத்தில் ஏறும் தேசராணிக்கும்
விம்கோ நகரில் ஏறும் எனக்கும்
திருவொற்றியூரில் ஓடிவந்து தொற்றும் ஜைபுனுக்கும்
அப்படி அமைந்துவிட்டது.

"சுகர் எவ்ளோ?"
"வெறும் வயித்துல நூத்தித் தொண்ணூறு."
"அது பரவால்ல, எங்கண்ணனுக்கு முந்நூறு.
ராத்திரி எந்திரிச்சு ஜிலேபி துன்னுது."

தேசராணி மகனுக்கு மறுபடி வீசிங்.
அனல்மின் சாம்பல் ஊருக்குள் வருவதை
கொடியில் காயும் வெள்ளைச் சட்டைக்கு முன்னால்
பையன் நெஞ்சு சொல்லிவிடும்.
என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.
கட்டுப் பிரித்ததும் முதலில் அவர் பார்த்தது
நான் கூட்டாத மூலையை.

ஜைபுன் புருஷனுக்குச் செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ்.
கிரியேட்டினைன் என்று அவள் சொல்லும்போது
யாரோ ஒன்றுவிட்ட நாத்தனார் பெயர் மாதிரி இருக்கும்.
வந்தால் ஏறி உட்காருவாள்,
இறங்க மாட்டாள்.

சிக்னலில் வண்டி நிற்கும்.
எண்ணெய் டேங்கர்கள் ஒவ்வொன்றாய் நகர்ந்து தீரும்வரை
எதிர் சீட்டு பேங்க் அம்மாவின் பேப்பரை
நாங்கள் முதுகுப்பக்கம் படிப்போம்.

போர் நிறுத்தமாம்.
மூணு நாள் தாங்கும் என்பாள் தேசராணி.
"அதெல்லாம் சும்மா. மூணு மணி நேரம்."
குப்பையை எரித்துக் கரண்ட் எடுப்பார்களாம்,
புகையே வராதாம்.
"அதெல்லாம் சும்மா."
மாதம் வரும் ஆயிரம் எதற்குக் காணும் என்றேன் ஒருநாள்.
"எம்பேருக்கு வர்ற ஒரே காசு அதான்,
அத்தப் பத்தி மட்டும் பேசாத"
என்று இறங்கும்வரை முகம் கொடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை.
செவ்வாயும் இல்லை.
போன் அணைந்தே கிடந்தது.
தேசராணி சொன்னதற்கெல்லாம் நான் ஆமாம் என்றேன்,
நான் சொன்னதற்கு அவள்.
ராயபுரம் வருமுன் பேச்சு தீர்ந்துபோனது.
ஜன்னலுக்கு வெளியே
தண்டவாளத்தோரம் யாரோ பல் துலக்கினார்கள்.

புதன்கிழமை தேசராணி
பையை மடியில் இறுக்கி, தாடையைத் தூக்கி,
"அதெல்லாம் சும்மா" என்றாள்.
மெட்ரோ ரயில் நம் பக்கம் வந்ததே பெரிசு என்று
அவள் நம்பாத ஒன்றை அடித்துப் பேசினாள்.
நான் விடவில்லை.
பேங்க் அம்மா பேப்பரை இறக்கிவிட்டு
மூன்றாவது ஆளைத் தேடினார்.

பிறகுதான் தெரிந்தது.
ஊரார் உடம்பையெல்லாம் சொன்னவள்
தன் கழுத்தைச் சொல்லவில்லை.
நோன்பு மாதத்திலிருந்து முக்காட்டுக்குள்
நெல்லிக்காய் அளவில் இருந்திருக்கிறது.

அரைநாள் சம்பளம் போனால் போகட்டுமென்று
வண்ணாரப்பேட்டையில் இறங்கி
ஸ்டான்லிக்கு நடந்தோம்.
தொண்டையைச் சுற்றிக் கட்டு, ஒரு டியூப்.
ஊசி குத்திப் புடைத்த கையில் பிளாஸ்கோடு
புருஷன் ஸ்டூலில் இருந்தார்.
நாளை வெள்ளி, அவர் முறை.
"பேச விடாதீங்க" என்று நர்ஸ் போனாள்.
சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்,
பத்து நாளாகுமாம்.

வலிக்குதா என்றேன்.
கையை வீசினாள், போதும் என்று.
தேசராணியின் பையைக் காட்டினாள்.
வாழைப்பழம் சுற்றி வந்த பேப்பர்.
தொடையில் வைத்து நீவி,
கறை படாத இடமாகப் பார்த்து தேசராணி படித்தாள்:
வடசென்னையில் இனி மழைநீர் தேங்காது,
அதிகாரிகள் உறுதி.

மோதிர விரலால்
கட்டிலின் இரும்புச் சட்டத்தில்
ஒரு தட்டு.

"அய்ய, பழைய பேப்பர்டி இது,
போன வருஷத்துது."

அதற்கும் ஒரு தட்டு.