ஒன்பதுக்கு ஒன்பது

வால்டிவியாவில் மழை நின்றதைப் பார்த்ததாக
யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.
ஆற்றங்கரை மீன்சந்தையில்
கடற்சிங்கங்கள் தலைகளுக்காகக் கத்தி ஓய்ந்த நேரம்
மூன்றாம் மாடியில் மிரேயா ஒயார்சுன்
அதே கணக்கை ஏழாவது தடவை ஓட்டுகிறாள்.

கடலடியில் பாறை வழுக்கினால்
அலை கரையேறப் பதினெட்டு நிமிடம்.
எங்கே ஏறும் என்று நிரல் சொல்லி முடிக்க
நாற்பத்தொன்று.
இடையிலுள்ள இருபத்துமூன்றை
ஆண்டறிக்கையில்
துல்லியம் என்று எழுதியிருந்தார்கள்.

குற்றம் பெரிய கணக்கில் இல்லை.
கோடி கோடியாக வரும் குட்டி அணிகள்,
ஒன்பதுக்கு ஒன்பது.
யார் வந்தாலும் இடம் கொடுக்கப் பழகிய நூலகம்
ஒவ்வொன்றையும் வாசலில் நிறுத்தி
எத்தனை நிரை, எத்தனை நிரல்,
நேராகவா, புரட்டியா என்று விசாரிக்கிறது.
பெருக்கலைவிட விசாரணை நீளம்.
உள்ளே போனாலோ பாதிக்குமேல் சுழியம்.
சுழியத்தால் பெருக்கினால் சுழியம் என்பது
பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும்.
இது ஒவ்வொரு முறையும்
பெருக்கிப் பார்த்துத்தான் நம்புகிறது.

"கேள்வியை ஒரே தடவை கேட்போம்,"
என்றான் எரிபெர்த்தோ,
நனைந்த காலுறையை விறகடுப்புமேல் விரித்தபடி,
"பதிலையே கட்டளையாக எழுதிவிடலாம்."

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்
இன்னொரு நிரலை எழுதுவது.
நினைவகத்தில் வெற்றுப் பக்கம் ஒன்று வாங்கி
அளவு தெரிந்த அக்கணத்தில்
பைட் பைட்டாக நிரப்புவது.
சுற்று இல்லை. கிளை இல்லை.
ஒருவேளை என்ற சொல்லே இல்லை.
சுழியம் இருந்த இடத்துக்கு
எதையும் எழுதாமல் கடந்துபோவது.
மிரேயா அதைத்தான் ரசித்தாள்:
நான் எழுதாததுதான் எல்லாவற்றிலும் வேகம்.

எழுதி முடித்ததும் எழுதும் உரிமையை ஒப்படைத்து
ஓடும் உரிமை வாங்க வேண்டும்.
இரண்டையும் ஒரே கையில் தராது இயங்குதளம்.
அது அனுபவப்பட்டது.

செவ்வாய் இரவு ஒரு பைட் பிசகியது.
பதினொன்றாம் பதிவகத்துக்குப் போக வேண்டியது
பன்னிரண்டில் போய் உட்கார,
திரையில் கடல் கொர்ரால் துறையைத் தாண்டி
எரிபெர்த்தோவின் அக்கா வீட்டுக் கூரைமேல்
நானூறு மீட்டர் நின்றது.
வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.
பிறகு அவன் மட்டும் வெளியே போய்
அவளைத் தொலைபேசியில் எழுப்பினான்.
ஒன்றுமில்லை, நார்மா. சும்மாதான். தூங்கு.

பைட்டைத் திருத்தினார்கள்.
முதல் அணி மட்டும் கொஞ்சம் காத்திருந்தது,
தனக்கான கட்டளை எழுதப்படும்வரை.
அடுத்து வந்தவை நிற்கவே இல்லை.
கணக்கு முடிந்ததும் அந்தப் பக்கங்கள்
படிக்க ஒரு கண்ணும் இல்லாமல் அழிந்தன.
பதின்மூன்று நிமிடம்.

ஐந்து மிச்சம்.
ஐந்து நிமிடத்தில் எதுவரை போவாய் என்று
ஞாயிறு மதியம் அக்காவைக் கேட்டான்.
நார்மா ரொட்டி மாவுக் கையோடு
ஜன்னல் வழியாக மேட்டை அளந்தாள்.
"செருப்பைத் தேடாமல் கிளம்பினால்
பள்ளிக்கூடம்வரை."

திங்கள் காலை அவன் இதைச் சொன்னபோது
மிரேயா தேநீரைக் கீழே வைத்துவிட்டு
மறுபடி விசைப்பலகைக்குத் திரும்பினாள்.
செருப்புக்கு
இன்னும் அரை நிமிடம் வேண்டும்.