இன்ஜே நிலையத்தில் யோ

நான்கு இருபதுக்குத்தான் அடுத்த வண்டி.
கதவு திறக்கும்போதெல்லாம்
மலையிலிருந்து நேராக இறங்கிய காற்று
என் குறிப்பேட்டைத்தான் முதலில் புரட்டுகிறது.
பதினோராம் பக்கம்: வழி கேட்டல்.
பன்னிரண்டு: விலை கேட்டல்.
பதின்மூன்றில் குழம்பு கொட்டிவிட்டது,
அதனால் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்க
எனக்குத் தெரியாது.

ஜோகியோ.
ஆளைக் கூப்பிட அதுதான் சொல்.
பிரித்துப் பார்த்தால் 'அங்கேங்க' என்று வருகிறது.
முன்னால் நிற்பவரை
எட்ட நிறுத்தி அழைக்கும் மரியாதை.
'நீங்கள்' என்று ஒன்று அகராதியில் இருக்கிறது.
வாயைத் திறந்து சொல்லிவிடாதே,
சட்டையைப் பிடித்தது போலாகும் என்றாள்
விடுதியில் சாவி கொடுத்த பெண்.
எனவே முன்னிலையே இல்லாமல் கேட்கப் பழகுகிறேன்:
போகுமா. இருக்கிறதா.
இங்கே உட்கார்ந்தாலும் ஆகுமா.

எல்லாவற்றின் வாலிலும் ஒரு யோ.
விட்டுவிட்டால் செவிட்டில் அறைந்த மாதிரி.
சேர்த்தால் நம்ம 'ங்க'.
எவ்வளவுங்க, எங்கங்க, இந்த வண்டி போகுங்களா.
கோபிச்செட்டிபாளையத்துக்காரிக்கு
இதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்
என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு சிப்பாய்.
மார்பில் தைத்த பெயரை எழுத்துக் கூட்டினேன்:
தோ. கியங். மின்.
விடுப்பு தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும்,
பூட்ஸில் பாலிஷ் வாடை போகவில்லை.
எழுந்துபோய் சீட்டுக் கவுண்டர் முன்
குதிகால் சேர்த்து நின்றான்.
ஹொங்சொன் வண்டி எப்போது
இஸ்ஸும்னிக்கா!
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
சில்லறையை வைத்துவிட்டு
சல்யூட் அடித்தாள்.
கூடமே சிரித்தது.
அவன் காது இரண்டும் மிளகாய்ப் பழம்.

பிறகு கைபேசியை நடுவில் வைத்துப் பேசினோம்.
அது பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தந்தது.
அவனுடைய முகாமில் யோ கிடையாதாம்.
கேள்வி 'கா'வில் முடிய வேண்டும், பதில் 'தா'வில்.
யோ என்று இழுத்தால்
இதென்ன உன் வீடா என்பார்களாம்.
பதினான்கு மாதம்.
போன வாரம் தங்கையிடம் போனில்
சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறான்,
சாப்பிட்டீர்களா என்று விறைப்பாய் வந்திருக்கிறது.
அவள் பயந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

குறிப்பேட்டை நீட்டினேன்.
பதினோராம் பக்கத்தை அவன் வாசித்தான்,
ஒவ்வொரு யோவையும்
குளிர்ந்த ஆற்றில் கால் வைப்பவன் போல வைத்து.
என் முறை வந்தது.
இரண்டாவது வரியிலேயே விரலை மேலே தூக்கினான்.
ஏற்று. இன்னும் ஏற்று.
ஒரே சொல்தான். இறக்கினால் செய்தி,
ஏற்றினால் கேள்வி.
நமக்கு ஓர் 'ஆ' இருக்கிறது, மறந்தாலும் அது கேட்டுவிடும்.
இங்கே தொண்டைதான் ஏற வேண்டும்,
எனக்கோ மூன்று நாளாகச் சளி.

மீன் அடையைக் குச்சியில் மடித்து விற்கும் கடை.
அவன் போய் நின்று, தொண்டையைச் செருமி,
ஹொக்ஷி, அதாவது ஒருவேளை,
சூப் இன்னும் கொஞ்சம் கிடைக்குமாயோ என்றான்.
யோ சேர்ந்தே வந்துவிட்டது!
கடைக்காரி நிமிரவில்லை.
தின்னு, தின்னு என்று
விகுதியே இல்லாமல் ஊற்றினாள்.
நான் ஜோகி என்று தொடங்குவதற்குள்
என் கையிலும் ஒரு காகிதக் கோப்பை,
விரல் சுடச் சுட.

மூன்று ஐம்பதுக்கு அவன் போனான்.
ஜன்னலிலிருந்து விரலை மேலே தூக்கிக் காட்டினான்.

நான்கு இருபது.
படியில் ஒரு கால், சாலையில் ஒரு கால்.
வாய்க்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்து
ஓட்டுநரிடம் கேட்டேன்:
சோக்சோ காயோ.
குரல் ஏறவில்லை.
இந்த வண்டி சோக்சோ போகிறதுங்க
என்று அவருக்கே தெரிவித்திருக்கிறேன்.

கண்ணாடியைச் சரிசெய்தபடி அவர் சொன்னார்:
அப்படியா யோ.