பதினோராம் ஷரத்து

மிர்காபில் ஏழாவது மாடி.
பெயர்ப்பலகையில் ஒரு குவைத்தியின் பெயர், பெரிய எழுத்தில்.
அடியில் சின்னதாக: மெல்ஹெம் அப்பூத், சட்ட ஆலோசகர்.
கோர்ட்டில் எழுந்து பேச லெபனான்காரருக்கு அனுமதி இல்லை.
அவர் எழுதுவார். நான் அடிப்பேன்.
கறுப்பு அங்கி மாட்டிய இன்னொருவர்
அதைத் தன் வாயால் சொல்லி ஜெயிப்பார்.
வாதம் நடக்கும் நாளில் உஸ்தாத்
கஸ்ருல் அத்லின் கடைசி வரிசையில் உட்கார்ந்து
உதட்டை மட்டும் அசைப்பார்.

என் அரபு கீழக்கரை மதரஸாவில் ஓதிய அரபு.
அவருடையது மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போகும்.
"சதக், நீ வாயைத் திறந்தால்
ஆயிரம் வருஷத்துப் புலவன் எழுந்து வந்து
டீ வேண்டுமா என்று கேட்பது போல இருக்கிறது" என்பார்.
ஆனால் ஒரு புள்ளி தப்பாது.
ஒப்பந்தமெல்லாம் என்னிடம்தான் வரும்.

இருபத்து மூன்று ஷரத்துகள். அதில் பதினொன்று:
தொழிலாளியின் பாஸ்போர்ட், அவருடைய நலன் கருதி,
நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கும்.
'நலன் கருதி' உஸ்தாத் சேர்த்தது.
கால்புள்ளி இரண்டும் நான் போட்டது,
அரபுக்கே உரிய தலைகீழ்க் கால்புள்ளி.
எத்தனை கம்பெனிக்கு அடித்தேன், கணக்கில்லை.
என் பாஸ்போர்ட்டும் அதே நலன் கருதி
அவர் மேஜையின் மூன்றாம் இழுப்பறையில் கிடந்தது.

தூசிக்காற்று ஊரை மஞ்சளாக்கிய ஒரு மார்ச் நாளில்
பெய்ரூட்டிலிருந்து போன்.
நின்றுகொண்டே கேட்டார். உட்கார்ந்தார். மறுபடி நின்றார்.
மந்திரி. தொழிலாளர் துறை.
பக்லாவா தட்டு தட்டாக வந்தது.
இரவு விமானத்துக்குக் கோட்டு மாற்றவும் நேரமில்லை.
சாவிக்கொத்தும் கோட்டோடு போனது.

வெள்ளிக்கிழமை, அறையில் எட்டுப் பேரும் டிவி முன்னால்.
முதல் தடவையாக அவர் குரலில் அவர் வாதம்:
கடல் கடந்து உழைப்பவன் கையிலிருந்து
அவன் பெயரைப் பிடுங்கிவைக்க எவனுக்கும் உரிமையில்லை.
யாரோ எழுதிக் கொடுத்தது. தாளைப் பார்த்துத்தான் படித்தார்.
இருந்தும் எனக்குச் சிலிர்த்தது.
அப்போதுதான் கண்டேன், அவர் இடது கை
சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்ததை.
நடுவில் பித்தளையில் சின்னதாக ஒன்று.
"அந்தா, என் சாவி" என்றேன்.
அறையே சிரித்தது. நானும்தான்.

மாலி என்று தொடங்கி வாட்ஸாப்பில் எழுதினேன்,
மந்திரிகளை அப்படித்தான் விளிக்க வேண்டும்.
இரண்டு நீல டிக். பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ.
உடைத்துவிடு என்றான் கட்டிடக் காவலாளி, எகிப்துக்காரன்.
இழுப்பறையை உடைத்தால் என்ன குற்றம், எத்தனை மாதம்,
எனக்குத் தெரியும். அந்த மனுவும் நான் அடித்ததுதான்.
தங்கச்சி நிக்காஹை ஐந்தங்குலத் திரையில் பார்த்தேன்.
படம் உறைந்த இடத்தில் மாப்பிள்ளை கண்மூடியிருந்தார்.

எட்டு மாதம். அரசு கவிழ்ந்தது, அல்லது விலகியது,
அங்கே இரண்டுக்கும் ஒரே சொல் போல.
ஒரு திங்கள் காலை வந்து நின்றார், மெலிந்து,
அணையாமல் எரியும் விளக்கை அண்ணாந்து பார்த்தபடி.
"மாலி" என்றேன். அந்தப் பட்டம் ஆயுளுக்கும் ஒட்டும்.
"உஸ்தாத் போதும்" என்றார்.
இழுப்பறையை அவரே திறந்தார்.
பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் தந்தார்.
காலாவதியாகிப் பதினேழு நாள்.
அவரும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பேச்சை எழுதியது யார் என்று கேட்க நினைத்து
டீ கொண்டுவரப் போனேன்.

மதியம் புது ஒப்பந்தம், ஏதோ கப்பல் கம்பெனி.
அவர் நடந்தபடி சொல்ல, நான் அடித்தேன்.
எட்டு. ஒன்பது. பத்து.
"பதினொன்று" என்றவர் ஜன்னலருகே நின்றுவிட்டார்.
ஏசி ஓடியது. கீழே எவனோ ஹார்னை விடாமல் அமுக்கினான்.
அவர் வாய் திறக்கும் முன்னே
என் விரல்கள்
'நலன் கருதி' வரை போய்விட்டிருந்தன.