நாலு மணி நாற்பது நிமிடம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஷைன்ராஜ் கடையில்
சிபியூவின் பக்கத் தகட்டைக் கழற்றினபோது
முதலில் உதிர்ந்தவை பல்லிமுட்டை ஓடுகள்,
இரண்டு.
பிறகு யாருடைய கல்யாண அழைப்பிதழ் ஜிகினாவோ,
ஒரு சிட்டிகை.

"பன்னெண்டு வருசம் ஓடியிருக்கு அக்கா"
என்றானே தவிர
புதுசு வாங்கச் சொல்லவில்லை.
சீட்டெடுத்த பணம், கழிவு போக
பதினாறாயிரத்து முந்நூறு.
பையை நான் பிடித்திருந்த விதத்திலேயே
தொகை தெரிந்துவிட்டிருக்கும்.

ஜெபின் ஃபோர்கே கேமரா வாங்கியதிலிருந்து
எனக்கு வந்தது வினை.
மணவாளன் தாலியைத் தூக்குவான்,
என் திரையில் கை அங்கேயே நிற்கும்.
முடிச்சு விழுவதற்குள்
ஒரு குடம் தண்ணீர் பிடித்துவிட்டு வரலாம்.
பலமுறை வந்திருக்கிறேன்.

உள்ளே ராமுக்கு நாலு இடம்.
இரண்டு, இத்தனை வருடமாய்
வாய் திறந்து சும்மா கிடந்திருக்கிறது.
யாரும் சொல்லவில்லை எனக்கு.
நாலிலும் நாலு நாலாய்ச் செருகினான்,
பழையதுதான், வேறெங்கோ கழற்றியது.
பிஸ்கட் கனம்கூட இல்லாத ஒரு எஸ்எஸ்டி.
தனி வயர் கேட்காத ரகத்தில் கிராஃபிக்ஸ் கார்டு.
"பெருசு போட்டா பவர் சப்ளை தாங்காது, கேட்டியளா."
பிராசசர் மேல் பொருக்காய்க் காய்ந்திருந்ததைச் சுரண்டி
புதுப் பசை வைத்தான்
ஒரு மிளகளவு.

கருங்கல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கண்டக்டர் கேட்டார், "உள்ள என்ன?"
"எனக்க தொழில்."
லக்கேஜ் டிக்கெட் கிழிக்காமல் முன்னால் போய்விட்டார்.

முன்பெல்லாம் சுவிட்சைத் தட்டிவிட்டுப்
பல் தேய்க்கப் போவேன்.
இப்போது பிரஷ்ஷை எடுப்பதற்குள்
அது வந்து காத்து நிற்கிறது.
பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்தேன்.
தாலி
தாலி கட்டுகிற நேரத்திலேயே கட்டப்பட்டது.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

முதல் வேலை
குறும்பனை பனியடிமையின் அடக்கம்.
மகன் கிளீற்றஸ் பஹ்ரைனில், மீன்பிடி போட்டில்.
வர முடியவில்லை.
அடக்கத்துக்கு என் கணக்கு ஒரு மணி நேரம்:
நடையைச் சுருக்கு,
மழைக்கு ஒதுங்கினதை எடு,
பந்தல்காரர் நாற்காலி அடுக்குவதை எடு,
அழுகை கொஞ்சம் போதும்.
கையில் கத்தி தீட்டி வைத்த மாதிரி இருந்தேன்.

அப்போது அவன் குரல் வந்தது, வாட்ஸ்அப்பில்,
பின்னால் எஞ்சின் இரைச்சலோடு:
"அக்கா, ஒண்ணும் வெட்டண்டாம்.
பாட்டும் சேக்கண்டாம்.
நடந்து போறது முழுசும் வேணும்.
நானும் கூட நடக்கணும்லா."

பதினாறாயிரத்து முந்நூறு ரூபாய்.
வெட்டுவதற்காக வாங்கியது.
ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினேன், அவ்வளவே.
கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை
குடைகள் எவ்வளவு மெதுவாகப் போகுமோ
அவ்வளவு மெதுவாகப் பார்த்தேன்.
எங்கும் திக்கவில்லை.
என் மெஷின் திக்காத முதல் நாளில்
எனக்குத்தான் தொண்டை.

கல்லறை வாசலில் ஜெபின் பேட்டரி மாற்றியிருக்கிறான்.
பதினொரு நொடி இல்லை.
அதைக் கருப்பாகவே விட்டேன்.

நாலு மணி நாற்பது நிமிடம்.
ரெண்டர், சோறு வடிக்கும் முன்பே முடிந்தது.
அப்லோடுதான் விடிய விடிய.
அதற்கு எந்த ஸ்லாட்டிலும் மருந்து இல்லை.

மூன்றாம் நாள் கேட்டான்:
"அந்தக் கருப்புல என்ன நடந்து அக்கா?"

ஜெபினுக்கு விளித்தேன்.
"ஒண்ணுமில்ல. ஒரு நாய் குறுக்க போச்சு."
அப்படியே எழுதி அனுப்பினேன்.

இரண்டு நீலக் குறி.
வெகுநேரம் கழித்து,
"செவலையா? ஒரு காது கிழிஞ்சதா?"

மறுபடியும் ஜெபினுக்கு விளிக்கிறேன்.
மணி போகிறது.