யாருடைய இடுப்பு

கோத்தகிரியில் கடல் கிடையாது.
மாடியில் சின்டெக்ஸ் டேங்க் உண்டு.
மூடியைக் கழற்றிவிட்டு
ஸ்டூல்மேல் ஏறினேன்.

ஸ்டூலைப் பிடித்திருக்கும் போஜனுக்கும்
நீச்சல் தெரியாது.
"பல்லால கவ்விக்க மாதி,
வாயால மூச்சு விடு" என்கிறான்,
பிறவியிலேயே மீன்போல.

அந்தமான் படகுக்காரர் போனில் சொன்னார்:
"புதுசா வர்றவங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு.
அலை இல்ல, இழுப்பு இல்ல,
இடுப்பளவுதான் அக்கா."
யாருடைய இடுப்பு என்று கேட்டேன்.
நான் நாலடி பத்தங்குலம்.
சிரித்தார், பதில் சொல்லவில்லை.

ஃபேக்டரி எடைச்சீட்டின் பின்புறம்
போஜன் தீவுகளை எழுதி எழுதி அடித்தான்.
ஒன்றில் கரையெல்லாம் பாறை.
ஒன்றில் பவளத்தை மிதிக்காமல்
கால் ஊன்றவே முடியாதாம்.
அடிக்காமல் விட்ட ஒன்றின் எதிரே
சின்ன எழுத்தில்:
"இங்கே மாதி நிற்கலாம்."

டிசம்பர்த் தண்ணீர் காதைக் கடித்தது.
கண்ணாடிக்குள் மூட்டம்.
எச்சில் தொட்டுத் தேய்த்தால் போகுமாம்.
போனது.
(கொடநாட்டு ரோட்டுக்கும்
யாராவது துப்பினால் தேவலை.)

மறுபடி குனிந்தேன்.
குழாய்க்குள் என் மூச்சு
யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல.
அடியில், என்றோ விழுந்த சில்வர் ஓக் இலை
வெள்ளை வயிறு காட்டித் திரும்பியது.

"ஏதாவது தெரியுதா?"

வாயில் குழாய்.
கையை வெளியே நீட்டி
ஒரு விரல் காட்டினேன்.