பாலாறு லெவன், பத்தாவது ஆட்டம்

ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி.
ஆம்பூர்க்காரர்கள் ஐந்து போட்டார்கள்.
நாங்கள் ஒன்று.
அதுவும் அவர்கள் பையன் காலில் பட்டு
வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போன பந்து.

டீக்கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது:
பசங்களுக்கு ரோஷம் இல்லை.
கமிட்டியும் அதையே நம்பி
நகைக்கடையில் காசு வாங்கி
புலி போட்ட ஜெர்சி தைத்துக் கொடுத்தது.
இரண்டாவது துவையலில் புலி பூனையானது.

நான் ராணிப்பேட்டை சிப்காட் வாசலில்
எடைமேடையில் சீட்டு கிழிப்பவன்.
வெறும் லாரியை ஏற்றிப் பார்ப்பேன்,
ஈரத்தோல் பாரத்தோடு ஏற்றிப் பார்ப்பேன்,
கழித்தால் வருவது சரக்கு.
ரோஷத்தை நீங்கள்
எந்த மேடையில் ஏற்றிப் பார்த்தீர்கள்?

தணிகைவேல் நைட் ஷிப்ட் முடித்து
விரலிடுக்கில் சுண்ணாம்பு வெடிப்போடு வருகிறான்.
சாதிக், வாலாஜாவில்
பரோட்டா மாவு பிசைந்த தோளோடு.
சித்திரை மாதம், மூன்று மணி,
மைதானத்துக் கல் ஷூவைத் தாண்டிச் சுடும்.
ரோஷம் இல்லாதவன்
ஃபேனுக்குக் கீழே படுத்திருப்பான்.

கோச் எத்திராஜைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.
நல்ல மனுஷன். ஆயுதப்படையில் இருந்தவர்.
விசில் ஊதினால் காக்காய் பறக்கும்.
இடைவேளையில் வட்டமாக நிற்கவைத்து
மானம், மண், பெற்றவள் பால் என்பார்.
பையன்கள் கண் கலங்குவார்கள்.
கலங்கிய கண்ணோடு போய்
அடுத்த பெனால்டி கார்னரில்
பந்தை நிறுத்தத் தெரியாமல் நிற்பார்கள்.

ஐயா, அழவைத்தது போதும்.
தள்ளுகிறவன் ஒருவன், நிறுத்துகிறவன் ஒருவன்,
அடிக்கிறவன் ஒருவன்.
மூன்று பேரை ஆறு மாசம் மாற்றாமல் வையுங்கள்.
வாரத்துக்கு ஒரு சென்டர் ஹாஃப்,
தோற்றால் அவன் பெஞ்சில்.
எந்தப் பானைக்கும் பொருந்தாத மூடியை
எத்தனை பானையில் வைத்துப் பார்ப்பீர்கள்?

இதையெல்லாம் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று
ஒன்பது ஆட்டமாகக் கத்தி வருகிறேன்.
லாரி இரைச்சலை மிஞ்சிப் பழகிய தொண்டை.

ஆம்பூர் ஆட்டம் முடிந்ததும்
கோலி இம்தியாஸ் பேடைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:
"கோச்சிக்காதே ரத்தினண்ணே.
பின்னால நின்னு நீ கத்திகினே கீற.
முன்னால ஆளு வர்ற சத்தமே கேக்கல."

அன்றைக்கு ராத்திரி
மூன்று லாரிக்குச் சீட்டு தப்பாகப் போட்டேன்.

பத்தாவது ஆட்டம் வேலூரில், காட்பாடியோடு.
இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு
நடுக்கோட்டுப் பக்கம் உட்கார்ந்தேன்.
கத்தவில்லை.

அப்போதுதான் கேட்டது.
காட்பாடிப் பையன்கள் ஓயாமல் பேசுகிறார்கள்.
பின்னால ஆளு. விடு, விடு. எனக்கு.
அவசரமில்ல, திரும்பு.
விடிகாலை மண்டியில்
முள்ளுக்கத்தரிக்காய் ஏலம் போகிற மாதிரி
ஒரே சளசளப்பு.

எங்கள் பக்கம்
மட்டை படும் சத்தம், மூச்சு, கல் உரசல்.
ஒருத்தன் பேரை ஒருத்தன் கூப்பிடவில்லை.
கூப்பிட்டுப் பந்து தவறினால்
திட்டு யாருக்கு என்ற பயம்.
அந்தப் பயத்தில் பாதி எத்திராஜ் ஏற்றியது.
பாக்கியைக் கழித்துப் பார்த்தேன்.
கணக்கு என் தொண்டையில் வந்து நின்றது.

மூன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.
கடைசி ஐந்து நிமிஷத்தில் இம்தியாஸ்,
யார் சொல்லிக்கொடுத்ததோ,
"தணிகா, லெஃப்ட்ல!" என்றான்.
தணிகைவேல் திரும்பினான்.
அதற்குள் பந்து அவனைத் தாண்டிவிட்டது.
ஆனாலும் திரும்பினான், நான் பார்த்தேன்.

வேனில் ஏறும்போது எத்திராஜ் கேட்டார்:
"இன்னா ரத்தினம், உடம்பு சரியில்லியா?"
வாயில் மிட்டாய். தலையை மட்டும் ஆட்டினேன்.
பாலாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.
பின் சீட்டில் யாரோ யாரையோ
ஏன் பந்து தரவில்லை என்று
சண்டை பிடித்தார்கள், பேர் சொல்லி.

அடுத்த ஞாயிறு குடியாத்தம்.