ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்

கார்த்திகை பிறந்த அன்று
கூடையில் முளைவிட்டுக் கிடந்த நாலு உருளையைச்
சாம்பாருக்குக் கொடுக்க மனமில்லாமல்
கண்ணுக்கொரு துண்டாக நறுக்கி
வெட்டுவாயில் சாம்பல் தொட்டு வைத்தேன்.

"நெல்லு விளையுற ஊர்ல உருளையா சிஸ்டர்?"
வீட்டுக்காரர் பக்கிரிசாமி மாடியேறி வந்தது
சிரிப்பதற்கு அல்ல.
மூன்று சிமெண்டுச் சாக்கும் மண்ணும்
தளத்துக்கு என்ன கனம் என்று பார்க்க.
முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்.
கண்ணாலேயே எடை போட்டார்.
"ஒழுகினா நீங்கதான்."

எங்கள் மண்ணை உருளைக்குப் பிடிக்காது.
கோடையில் வெடிக்கும்,
மழையில் காலைப் பிடித்துக்கொண்டு விடாது.
அதனால் பாதிதான் வயல் மண். மீதிக்கு
நீடாமங்கலம் ரைஸ்மில்லில் அள்ளிய உமிக்கரி,
தென்னைநார்த்தூள், காய்ந்த சாணம்.
ஆற்றுமணல் ஒரு சட்டி கேட்டதற்கு
பக்கத்து மனைக் கொத்தனார்
நகையைக் கேட்டவளைப் போல என்னைப் பார்த்தார்.

செடி ஏற ஏற
சாக்கின் மடிப்பை ஒரு சுற்றுப் பிரித்து
கழுத்து வரைக்கும் மண் அணைக்க வேண்டும்.
நைட் டியூட்டி முடிந்து
யூனிஃபார்மோடு செய்வேன்.
நகக்கண் கறுத்திருக்கும்.
ஆஸ்பத்திரியில் மறுபடி மறுபடி கை கழுவுவேன்.

பிறகு புயல்.
ஓடம்போக்கி கரை தொட்டு ஓடியது.
இரண்டு இரவு வீட்டுக்கு வர முடியவில்லை.
பச்சிளங்குழந்தை வார்டில்
ஜெனரேட்டர் இருமுகிற போதெல்லாம்
எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.
நடுவில் ஒருதரம் என் சாக்குகளை நினைத்தேன்.
வெட்கமாக இருந்தது.
அதற்குப் பிறகும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் வந்து பார்த்தால்
செடிகள் மேல் தார்ப்பாய்.
நாலு மூலையிலும் லாரிக்கயிறு,
எனக்கு அவிழ்க்கத் தெரியாத முடிச்சு.
கீழே பக்கிரிசாமி
தளம் ஒழுகுவதைப் பற்றி மட்டும் பேசினார்.

தை முடிய நாலு நாள் இருக்கையில்
இலை மஞ்சளாகிச் சாய்ந்தது.
சுற்றிலும் விடிய விடிய சம்பா அறுக்கும் எந்திரச் சத்தம்.
நானும் அறுவடைக்காரிதான் என்று
பழைய புடவையை விரித்துச் சாக்கைக் கவிழ்த்தேன்.
முதலில் வந்தது தாய்த்துண்டு,
கூழாகி, தொட்டதும் நாறி.
அப்புறம் புளியங்கொட்டை அளவில்,
கோலிக்குண்டு அளவில்,
ஒன்றே ஒன்று கோழிமுட்டை அளவில்.
வெயில் பட்டுப் பச்சை பாய்ந்த இரண்டை எறிந்தேன்.

மூன்று சாக்கும் சேர்த்து
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்.
கை தானாகச் சிவப்பு மைப்பேனாவைத் தேடியது.
வார்டில் இந்த எடைக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு,
மூக்குக்குழாய் உண்டு,
மணிக்கொருதரம் நான் உண்டு.
தோலும் அப்படித்தான்,
கட்டைவிரல் பட்டாலே சுருண்டு வரும்.
உவமையை அங்கேயே நிறுத்தினேன்.
அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

உரிக்கவில்லை.
உப்புக் கரிக்கிற தண்ணீரில்
ஈர்க்குச்சி இறங்கும்வரை.
வடித்து, மூடாமல் வைத்து, ஆவி போகவிட்டு
நல்லெண்ணெய், கடுகு,
தட்டிய பூண்டு நாலு பல்,
ஒன்றிரண்டாய் உடைத்த மிளகு.
மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்து மூடினேன்.

நாக்கில் முதலில் லேசாக மண்,
உடனே பச்சைக்கடலை மாதிரி ஓர் இனிப்பு.
கடை உருளை போல் மாவாக உதிரவில்லை,
வழுக்கிக்கொண்டு பல்லுக்குத் தப்பியது.
நின்றுகொண்டே ஒன்பது தின்றேன்.
கோழிமுட்டையைத் தொடவில்லை.

கிண்ணத்தைக் கீழே கொண்டு போனேன்.
பக்கிரிசாமி பெரியதை முதலில் எடுத்தார்.
கடைசியில் எண்ணெயையும் விரலால் வழித்துவிட்டு
"உப்புக் கம்மி" என்றார்.

தார்ப்பாயை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.